ஒரு எழுத்துதானே!



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் ராத்திரி சாவகாசமாக வாசியுங்கள். கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று பயந்து ஓடிவிட வேண்டாம். பாதிக்கு மேல் நம்ம ஊர்க் கதைதான். கடைசியில் ஒரு மன்னிப்பும் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

2013ல் ஓய்வு பெற்றபோது நான் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு பொன்னாடை, ஒரு சுவர்க் கடிகாரம், ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்கள். வருஷா வருஷம் எடுத்த வகுப்புப் படங்கள், உல்லாசப் பயணப் படங்கள், விளையாட்டு விழாப் படங்கள். மணவாளக்குறிச்சிக் கடல்காற்று உங்களுக்குத் தெரியும். ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, போட்டோவை விடுமா? ஓரங்கள் பூத்துப்போக ஆரம்பித்ததும், ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து இங்கே முகநூலில் போட்டேன். உங்களில் பலர் "சார், நான் ரெண்டாவது வரிசையில நிக்கேன்" என்று எழுதிச் சந்தோஷப்பட்டீர்கள்.

ஒரு நாள் ஒரு மாணவி போன் செய்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

"சார், கோவப்படப்பிடாது. அந்தப் படத்த எடுத்திருங்க. எனக்க முகம் தெரியாத ஆளுவளுக்கெல்லாம் போவாண்டாம்."

காரணம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தோன்றியது. படத்தை எடுத்துவிட்டேன். ஆனால் பெட்டியில் இன்னும் நூற்றுக்கணக்கான படங்கள் கிடந்தன. நம்மவர்கள் மட்டும் கடவுச்சொல் போட்டு உள்ளே வந்து பார்க்கிற மாதிரி ஒரு தளம் நாமே செய்தால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியதுதான் இத்தனைக்கும் ஆரம்பம்.

பல வருஷத்துக்கு முன்னால், கோடை விடுமுறையில் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிப்போய் நான் ஜாவா படித்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். "சாருக்கு இந்த வயசுல எதுக்கு இது?" என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். அந்த ஜாவாவைத் தூசு தட்டி எடுத்தேன்.

ஜெட்டி என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 1995ல் ஆஸ்திரேலியாவில் கிரெக் வில்கின்ஸ் என்பவர் எழுத ஆரம்பித்தது. வழக்கமாக வெப் சர்வர் என்பது தனியாக ஓடும் ஒரு பெரிய மென்பொருள். நாம் எழுதியதைக் கொண்டுபோய் அதற்குள் வைக்க வேண்டும். கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கிற மாதிரி. ஜெட்டியில் இன்னொரு வழி உண்டு. நம் நிரலுக்குள்ளேயே சர்வரை உட்காரவைத்துவிடலாம். நம் வீட்டு முற்றத்திலேயே பந்தல் போட்டுப் பந்தி வைக்கிற மாதிரி. இதைத்தான் எம்பெடட் சர்வர் என்கிறார்கள். எனக்கு இது பிடித்துப்போயிற்று. இருபது முப்பது வரிகளில் சர்வர் எழுந்து நின்றது. மாதம் கொஞ்சம் வாடகை கொடுத்து இணையத்தில் ஒரு சின்ன இயந்திரத்தைப் பிடித்து, அதில் ஓடவிட்டேன். படங்கள் வந்தன. வீட்டில் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு. மொதல்ல சோறு தின்ன வாங்க" என்றாள்.

ஆனால் அது பூட்டில்லாத தளம். வெறும் எச்.டி.டி.பி. என்பது போஸ்ட் கார்டு மாதிரி. வழியில் எவரும் வாசிக்கலாம். கடவுச்சொல்லையும் சேர்த்துத்தான். உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டுமானால் எச்.டி.டி.பி.எஸ். வேண்டும். அதற்கு இரண்டு பொருள்கள் தேவை: ஒரு ரகசியச் சாவி, இந்தச் சாவி இன்னாருடையது என்று சொல்லும் ஒரு சான்றிதழ். ஜாவா இரண்டையும் கீஸ்டோர் என்ற ஒரு சாவிப்பெட்டியில் வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டியைச் செய்ய ஜாவாவோடு கீடூல் என்ற கருவி வருகிறது.

கீடூலை ஓட்டினேன். முதல் கேள்வி: உங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்ன?

கேட்டால் பதில் சொல்ல வேண்டியதுதானே? இனிஷியலோடு என் பெயரை அடித்தேன். அங்கே வரவேண்டியது ஆளின் பெயர் அல்ல, தளத்தின் பெயர். இந்த இடத்தில் உலகம் பூராவும் ஆட்கள் இடறி விழுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "கேள்வியை ரெண்டு தரம் வாசிலே" என்று முப்பது வருஷம் உங்களைத் திட்டியவன் நான்.

அந்தச் சான்றிதழோடு தளத்தைத் திறந்தால் குரோமில் சிவப்பாக ஒரு பக்கம் வந்தது. உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல என்று எச்சரிக்கை. முதலில் போன் செய்த அதே மாணவி திரும்பவும் அழைத்தாள். "சார், திருடன் நிக்கான்னு சொல்லுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் இல்ல மக்கா. கீழ அட்வான்ஸ்டுன்னு இருக்கும், அத அமுக்கு. அப்புறம் புரொசீடுன்னு வரும், அதையும் அமுக்கு."

அன்று ராத்திரி, பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் நம் மாணவன் ஒருவன் கூப்பிட்டான். மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் விடவில்லை.

"சார், நீங்க அவங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கீங்க? எச்சரிக்கை வந்தா அமுக்கிட்டுப் போன்னு. நாளைக்கு பேங்க் பேருல எவனாவது போலிப் பக்கம் வச்சு இதே சிவப்பு வந்தாலும் அமுக்கத்தான் செய்வாங்க. எங்க சாரே சொன்னாருன்னு."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "அப்போ என்ன செய்யணும், சொல்லு" என்றேன்.

என்னுடையது நானே எழுதி நானே கையெழுத்துப் போட்ட சான்றிதழ். ஒரு பையன், "நான் நல்ல பையன்" என்று வெள்ளைத்தாளில் எழுதி அவனே கையெழுத்துப் போட்டு நன்னடத்தைச் சான்றிதழ் என்று நீட்டினால் எந்தக் கல்லூரி ஏற்கும்? உலாவிக்குத் தெரிந்த, அது நம்புகிற ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு, இதை எல்லோருக்கும் இலவசமாகச் செய்கிறது. 2015 கடைசியில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தளத்துக்கு ஒரு பெயர் வாங்கிப் பதிவு செய்து, அவர்களிடம் சான்றிதழும் பெற்றேன். அவர்கள் தருவது வேறு வடிவத்தில் இருக்கும். அதை மாற்றிக் கீஸ்டோரில் போட்டு சர்வரை ஓட்டினால், திரை நிறைய ஆங்கிலம். ஐம்பது அறுபது வரி.

நான் மேலிருந்து வாசித்து மலைத்துப்போனேன். பெங்களூர்க்காரன் சொன்னான்: "மேல பாக்காதீங்க சார். காஸ்டு பை, அதாவது இதனால் வந்ததுன்னு ஆரம்பிக்கிற வரிகள் இருக்கும். அதுல கடைசி வரியப் பாருங்க." பார்த்தேன். கீஸ்டோரின் கடவுச்சொல் தவறு என்று இருந்தது.

கடவுச்சொல் சரி. எனக்கு நிச்சயம். கீடூலில் கையால் அடித்தால் பெட்டி திறக்கிறது. சர்வர் திறந்தால் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. முதல் ராத்திரி சாவிப்பெட்டியை மூன்று முறை புதிதாகச் செய்தேன். ஜெட்டியின் பதிப்பை மாற்றினேன். கூடவே ஜாவாவையும் மாற்றினேன். விடியும்போது எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்றே தெரியாத நிலை.

காலையில் நடக்கப் போனபோது ஐ.ஆர்.இ. ஆலைப்பக்கம் வந்ததும் நின்றேன். எத்தனை வகுப்புகளுக்கு இந்தக் கருமணலை வைத்துப் பாடம் எடுத்திருக்கிறேன்! 1909ல் ஜெர்மன்காரர் ஷோம்பெர்க் நம் ஊர் மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்த கதை உங்களுக்கு மனப்பாடம். ஒரே கைப்பிடி மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்து கிடக்கும். எப்படிப் பிரிப்பது? ஒரு நேரத்தில் ஒரு குணம். மின்சாரம் கடத்துமா என்று பார்த்தால் இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். பிறகு காந்தம். இல்மனைட் காந்தத்துக்கு வரும், ரூட்டைல் வராது. எல்லாச் சோதனையையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் கடைசியில் கையில் இருப்பது மணல்தான்.

வீட்டுக்கு வந்து அதே போலச் செய்தேன். மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்தேன். ஒன்று: பெட்டி சரியா? கையால் அடித்தால் திறக்கிறது, எனவே சரி. இரண்டு: சர்வர் அதே பெட்டியைத்தான் திறக்கிறதா? இடம் சரி. மூன்று: அதே கடவுச்சொல்லைத்தான் கொடுக்கிறதா? அதை ஒரு அமைப்புக் கோப்பில் எழுதிவைத்து ஜாவாவை வாசிக்கச் சொல்லியிருந்தேன். வாசித்த சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணச் சொன்னேன். நான் வைத்தது பன்னிரண்டு. அது பதின்மூன்று என்றது.

கடைசியில் ஒரு காலி இடம். எங்கிருந்தோ ஒட்டும்போது கூடவே வந்தது. ஜாவா இந்த மாதிரிக் கோப்பை வாசிக்கும்போது மதிப்புக்கு முன்னால் இருக்கும் காலி இடத்தை விட்டுவிடும். பின்னால் இருப்பதை விடாது, அதுவும் கடவுச்சொல்லில் சேர்ந்ததே என்று எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போயிற்று. அழித்தேன். சர்வர் ஓடியது.

என் கணினியில் பச்சைக்கொடி. மஸ்கட்டிலிருந்து ஒருவன், "சார், என் போன்ல இப்பவும் சிவப்புதான்" என்றான். இது இன்னொரு பாடம். உலாவிக்கு மேலே இருக்கும் பெரிய கையெழுத்துக்காரர்களை மட்டும்தான் தெரியும். நமக்குக் கையெழுத்துப் போடுவது அவர்களால் அங்கீகரிக்கப்பட்ட இடைநிலை அதிகாரி. நம் சான்றிதழோடு அந்த இடைநிலைச் சான்றிதழையும் சேர்த்து நீட்ட வேண்டும். நான் என்னுடையதை மட்டும் பெட்டியில் வைத்திருந்தேன். சில உலாவிகள் விடுபட்டதைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும், சில எடுக்காது. அதனால்தான் இங்கே பச்சை, அங்கே சிவப்பு. முழுச் சங்கிலியும் உள்ள கோப்பு பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்துப் பெட்டியைத் திரும்பச் செய்தேன். மஸ்கட்டிலும் திறந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, சிலருக்குத் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை என்று செய்தி. பார்த்தால், நான் சான்றிதழ் வாங்கியது முன்னால் மூன்று டபிள்யூ போட்ட பெயருக்கு மட்டும். டபிள்யூ இல்லாமல் அடிப்பவர்களுக்கு உலாவி, "பெயர் பொருந்தவில்லை" என்று நிறுத்துகிறது. சோதிப்பதற்காக எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போனேன். இந்த முறை என் சர்வரே என்னைத் தடுத்தது. 400, இன்வேலிட் எஸ்.என்.ஐ. என்று ஒற்றை வரி.

எஸ்.என்.ஐ. என்பது இதுதான்: ஒரே முகவரியில் பல தளங்கள் இருக்கலாம். அதனால் வருகிறவர் வாசலிலேயே எந்தப் பெயரைத் தேடி வந்தேன் என்று சொல்ல வேண்டும். ஜெட்டியின் புதிய பதிப்புகள் அந்தப் பெயர் சான்றிதழில் இருக்கிறதா என்று ஒத்துப்பார்க்கும். இல்லையென்றால் வாசலோடு சரி.

இணையத்தில் தேடினால் உடனே ஒரு வைத்தியம் கிடைக்கிறது. அந்த ஒத்துப்பார்க்கும் வேலையை நிறுத்த ஒரு வரி உண்டு. உண்மை என்று இருப்பதைப் பொய் என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாற்றினேன். ஓட்டினேன். முகவரிப் பட்டையில் சிவப்பு அடையாளத்தோடு படங்கள் வந்து நின்றன.

ஓடுகிறதே, போதாதா? டபிள்யூ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு எழுத்துதானே!

அந்த வார்த்தை மனசில் ஓடிய உடனே கை நின்றுவிட்டது. அதை நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

1996. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலைப் பொதுத்தேர்வுக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது நான். கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன். அப்பா பெயர் சேவியர். தமிழ்ப் பதிவேட்டில் 'சே' என்று இருந்ததைப் பார்த்து, ஆங்கிலத்தில் எஸ் என்று போட்டுவிட்டேன். வரவேண்டியது எக்ஸ். எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அவசரம். பையன் ஐ.டி.ஐ. முடித்து, 2004ல் வளைகுடாவில் வேலை கிடைத்து, சான்றிதழ்களோடு வந்து நின்றான். பாஸ்போர்ட்டில் சேவியர் எக்ஸில் தொடங்குகிறது, சான்றிதழில் எஸ். "சார், திருத்தித் தாங்க, கேக்கானுவ" என்றான்.

திருத்துவதென்றால் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு எழுத வேண்டும். பழைய பதிவேட்டைத் தேட வேண்டும். எனக்குச் செய்முறைத் தேர்வு வேலை தலைக்குமேல் இருந்தது. "ஒரு எழுத்துதானடே! அவனுவ பாக்கவா போறான்? தைரியமாப் போ" என்று முதுகில் தட்டி அனுப்பினேன்.

அவர்கள் பார்த்தார்கள். அந்த வேலை இன்னொருவனுக்குப் போயிற்று. இதைப் பல மாதம் கழித்து யாரோ சொல்லிக் கேட்டேன். "அடப் பாவமே" என்றேன். அதோடு மறந்தும்போனேன். இருபது வருஷத்துக்குப் பிறகு ஒரு இயந்திரம் என்னை வாசலில் நிறுத்திப் பெயரைக் கேட்டபோதுதான், நான் அன்றைக்குச் செய்தது என்ன என்று புரிந்தது. அன்றைக்குச் சரிபார்த்தவர்கள் மீது தப்பில்லை. அது அவர்கள் வேலை. தப்பு, சான்றிதழ் எழுதிய கையில். அதைத் திருத்தச் சோம்பல்பட்டு, "அமுக்கிட்டுப் போ" என்று சொன்ன வாயில்.

சர்வரில் மாற்றிய வரியைத் திரும்பப் பழையபடி ஆக்கினேன். சான்றிதழை இரண்டு பெயர்களோடும் புதிதாக வாங்கினேன். இப்போதெல்லாம் சான்றிதழில் மாற்றுப் பெயர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2017லிருந்து குரோம் அந்தப் பட்டியலை மட்டும்தான் பார்க்கிறது. அரைமணி நேர வேலை. தளம் எல்லோருக்கும் திறந்தது.

மறுநாள் பஸ் ஏறி முட்டத்துக்குப் போனேன். அவன் அங்கே படகு எஞ்சின் வேலை பார்க்கிறான். கையெல்லாம் கிரீஸ். என்னைக் கண்டதும் எழுந்தான். வந்த விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "தப்பு என்னுடையது. திருத்தாமல் விட்டதும் நான்தான். மன்னிச்சிருடே" என்றேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"கோவம் இருந்துது சாரே. ரெண்டு வருசம் ஒங்கள ரோட்டுல கண்டா வழி மாறிப் போவேன்."

எனக்கு அது தெரியாது. "சரி" என்று மட்டும் சொன்னேன்.

நான் எப்படி இப்போது இதை நினைத்தேன் என்று கேட்டான். சர்வர் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டான். "இங்கயும் அதுதான் சாரே. ஆயில் கொறஞ்சா எஞ்சின்ல மணி அடிக்கும். சத்தம் தாங்க முடியல்லேன்னு பயலுவ ஒயர அறுத்து விடுவானுவ. மணி நிக்கும். பொறவு நடுக்கடல்ல எஞ்சின் நிக்கும்."

நான் எட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கக்கூடிய பாடத்தை அவன் நாலு வரியில் முடித்தான்.

"அந்த எழுத்து இப்பம் சரியாயிட்டா?" என்று கேட்டேன்.

"எங்க சாரே? எனக்க மகளுக்க சாதிச் சான்றிதழுக்கு எனக்க டி.சி. கேட்டினும். அதுலயும் அதே எஸ் தான் நிக்கி."

ஆக, நான் 1996ல் போட்ட ஒரு எழுத்து இன்னும் வாசலில் நின்று அவன் மகளையும் தடுத்துக்கொண்டிருக்கிறது. மறுவாரம் இருவரும் சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பதிவேட்டைத் தேடி எடுத்தோம். என் கையெழுத்து, நீல மையில், சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருந்தது. விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். என் தவறுதான் என்று நானும் ஒரு கடிதம் எழுதி இணைத்திருக்கிறேன். நடந்ததும் இங்கேயே சொல்கிறேன். அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றான். போடவில்லை.

இனி, சொன்ன வேண்டுகோள்.

ஒன்று. தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் தனிச்செய்தியில் வரும். உங்கள் படம் வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போதும், எடுத்துவிடுவேன். காரணம் சொல்ல வேண்டாம். எச்சரிக்கைப் பக்கம் வந்தால் அமுக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். எனக்குப் போன் செய்யுங்கள். சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள்தான். புதுப்பித்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் புதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்திருந்தால் என் தலையில் குட்டுங்கள்.

இரண்டு. முன்பு எனக்குப் போன் செய்த மாணவிக்கு: நான் அமுக்கச் சொன்னது தப்பு. நீ பயந்ததுதான் சரி.

மூன்று. என் வகுப்பில் படித்தவர்களில் யாருக்காவது பெயரிலோ இனிஷியலிலோ பிறந்த தேதியிலோ என் கையால் பிழை நேர்ந்திருந்தால், இத்தனை வருஷம் கழித்து என்ன என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வாருங்கள். ஓய்வூதியக்காரனுக்கு நேரம் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் கூட வருகிறேன். ஒரு எழுத்துதானே என்று இனி சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய சயின்ஸ் சார்,
மணவாளக்குறிச்சி